வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் நின்ற தடத்தைப் பாருங்கள்

2024 சித்திரையில், திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்க, தெரிந்த தம்பி ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் பெயிண்ட் வாசம். கண்ணுக்குக் குளிர்ச்சியாக வெளிர் பச்சை அடித்திருந்தார்கள். தம்பிக்கு வீடு பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. நான் சுவரைப் பார்க்கவில்லை, சுவிட்ச் பெட்டிகளைப் பார்த்தேன். தோள் உயரத்தில் இருந்தவை எல்லாம் பழுத்து மஞ்சளாகிப்போனவை. முழங்கால் உயரத்தில் இருந்த பிளக் பாயிண்டுகள் எல்லாம் பளிச்சென்று வெள்ளை, புத்தம் புதுசு. நிலைக்கால்களின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மரம் உப்பி, பெயிண்டுக்கு அடியிலும் நார் நாராகத் தெரிந்தது. பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னோம். பின்னால் பெயிண்ட் எட்டாத இடத்தில், இடுப்பளவில், காப்பி நிறத்தில் ஒரு கோடு நேராக ஓடியது.

வெளியே வந்து அடுத்த வீட்டு ஆச்சியிடம் கேட்டேன். "இடுப்பளவு நின்னுச்சுய்யா. வடியவே மூணு நாளாச்சு. அந்த வீட்டுல மட்டுமா, எங்க வீட்டுலயுந்தான்" என்றார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைச் சொல்கிறார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில்தான் தாமிரபரணி ஆற்று வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் என்று ஏறி வந்தது.

அந்த வீட்டை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெள்ளம் வந்த வீட்டையும் வாங்கலாம். ஆனால் தெரிந்து வாங்க வேண்டும், அதற்கு ஏற்ற விலைக்கு வாங்க வேண்டும். முதல் தடவையாக வீடு வாங்கவோ, விற்கவோ, வாடகைக்குப் போகவோ இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் வீட்டுக்கு வரும் நோயில் பெரும்பாலானது தண்ணீரால் வருவது. ஆற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், குழாயில் கசியும் தண்ணீர். அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனால் வீட்டின் முக்கால்வாசிக் கதை தெரிந்துவிடும்.

யார் யாருக்காகப் பார்க்கிறார்கள்

"பேங்க்ல இருந்து இன்ஜினியர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு அண்ணாச்சி, வீடு நல்லாருக்குன்னுதான் லோன் குடுத்திருக்காங்க" என்று அடிக்கடி கேட்கிறேன். இது தவறான நிம்மதி. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காகப் பார்க்கிறார். கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால் இந்தச் சொத்து எவ்வளவுக்குப் போகும் என்பதுதான் அவர் கேள்வி. குளியலறை கசிகிறதா, எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. வக்கீல் பத்திரத்தைப் பார்க்கிறார், சுவரைப் பார்ப்பதில்லை. புரோக்கருக்கு வியாபாரம் முடிய வேண்டும்.

ஆக, உங்களுக்காகப் பார்க்க ஒருவர் தனியாக வேண்டும். நம்ம ஊரில் இதற்கென்று தனிப் படிப்போ தனி லைசென்ஸோ கொண்ட ஆட்கள் தெருவுக்குத் தெரு கிடையாது. அந்த வீட்டைக் கட்டியவருக்கும் புரோக்கருக்கும் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியர், கை தேர்ந்த ஒரு கொத்தனார், ஒரு எலக்ட்ரீசியன், இந்த மூன்று பேரும் அரை நாள் வந்தால் போதும். வாயால் சொல்வதோடு விடாமல், பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். விலை பேசும்போது அந்தத் தாள்தான் பேசும். எல்லாவற்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கண்ணுக்குக் குறை தெரிந்தாலும் மனசு அதைப் பார்க்க விடாது.

வாங்குகிறவர் பார்க்க வேண்டிய வரிசை

முதலில் இடம். வீட்டைப் பார்க்கும் முன் அது நிற்கும் மண்ணைப் பாருங்கள். பட்டா, அ-பதிவேடு (நிலம் யார் பெயரில், என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவு), புலப்பட வரைபடம் (மனையின் எல்லை அளவு) மூன்றையும் அரசின் இ-சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் பார்க்கலாம். உரிமை சரியா என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் வரைபடத்தில் தேட வேண்டியது வேறு: பக்கத்தில் குளம் இருக்கிறதா, ஓடை போகிறதா, வாய்க்கால் எந்தப் பக்கம், இந்த மனை முன்பு நஞ்சையா புஞ்சையா. பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய் என்று எத்தனையோ கால்வாய்களும் அவற்றிலிருந்து தண்ணீர் வாங்கும் குளங்களுமாக இருக்கிற ஊர் இது. புது பஸ் ஸ்டாண்டே வேய்ந்தான்குளத்தில்தான் இருக்கிறது. கொக்கிரகுளம் என்றால் பெயரிலேயே குளம். வயலை மூடி மண்ணடித்து பிளாட் போட்ட இடத்தில், அடித்த மண் இறுகுவதற்குள் வீடு கட்டியிருந்தால் அது சில வருஷத்தில் இறங்கும்.

மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மண் வெடித்தால் மேலே நிற்கும் சுவரும் வெடிக்கும். அங்கே வீடு வாங்கினால் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எந்த வகை என்பதுதான் முதல் கேள்வி. ஆழம் குறைந்த சாதாரணக் கல் அஸ்திவாரம் கரிசலில் நிற்காது. திசையன்விளைப் பக்கம் தேரி, அதாவது செம்மணல் மேடு. கடலோரமாக உவரி, கூடங்குளம், இடிந்தகரை என்று போனால் உப்புக்காற்று. உப்புக்காற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டை ஒரு தடவை பார்த்தால் போதாது, மூன்று தடவை போங்கள். ஒரு தடவை காலையில், மாநகராட்சித் தண்ணீர் விடும் நேரத்தில். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, மோட்டார் வைக்காமல் தொட்டியில் விழுகிறதா என்று தெரியும். ஒரு தடவை இரவு ஏழு மணிக்கு, எல்லா வீட்டிலும் லைட்டும் ஏசியும் ஓடும்போது. வோல்டேஜ் எப்படி என்று தெரியும், தெருவில் பிள்ளைகளும் பெண்களும் நடமாடுகிறார்களா என்றும் தெரியும். இன்னொரு தடவை மழை பெய்து முடித்த மறுநாள். ஐப்பசி, கார்த்திகையில் வீடு பார்ப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வீடே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

உள்ளே போவதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை. ரோட்டைவிட வீட்டின் பேஸ்மெண்ட் உயரமா, தாழ்வா? ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வீடு பள்ளத்தில் போய்விட்ட தெருக்கள் டவுனிலும் மேலப்பாளையத்திலும் நிறைய. சுவரின் அடியில் வெள்ளையாக மாவு மாதிரி பூத்திருந்தால் அது உப்பு. தரை ஈரம் சுவரில் ஏறி, காய்ந்து, உப்பை விட்டுவிட்டுப் போகிறது. எங்கள் பக்கம் "ஓதம் ஏறியிருக்கு" என்போம். ஓதத்துக்கு மேல் எத்தனை கோட்டு பெயிண்ட் அடித்தாலும் ஆறு மாதத்தில் பொருமிவிடும்.

அடுத்து மொட்டை மாடி. எங்கள் பேச்சில் தட்டட்டி. வீடு வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அங்கே ஏறுவதே இல்லை, ஏறினாலும் காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி இறங்கிவிடுகிறார்கள். குனிந்து பாருங்கள். அழுக்கு வட்டமாகப் படிந்த இடம் தண்ணீர் தேங்கும் இடம். மழைநீர்க் குழாயின் வாய் தரையைவிட உயரமாக இருந்தால் வாட்டம் சரியில்லை. கைப்பிடிச் சுவரும் தரையும் சேரும் மூலையில் வெடிப்பு இருக்கிறதா, அதில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? கன்று சின்னது, வேர் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஓட்டுத்தளத்தின் மேல் தட்டிக்கொண்டே போங்கள். "டக் டக்" என்று கெட்டியாகக் கேட்டால் சரி. "டொப் டொப்" என்று பொள்ளலாகக் கேட்டால் ஓடு விட்டிருக்கிறது, அடியில் தண்ணீர் போயிருக்கிறது.

உள்ளே வந்ததும் எல்லோருக்கும் பயம் வெடிப்பைப் பார்த்துத்தான். எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சுவர் ரூஃபோடு சேரும் இடத்தில் படுக்கை வசமாக ஒரு கோடு ஓடும். சித்திரை வெயிலில் ரூஃப் விரிந்து, இரவில் சுருங்குவதால் வருவது. எங்கள் ஊர் வெயிலுக்கு இது இல்லாத வீடு குறைவு. அதை அடைத்து, மாடியில் வெயில் தாக்காமல் ஏதாவது செய்தால் போதும். பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நெட்டுக்கு ஒரு கோடு வந்திருந்தால், பூசும்போது கம்பி வலை அடிக்கவில்லை என்று அர்த்தம். இதுவும் வீட்டைச் சாய்க்காது.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாகவே இறங்கும் வெடிப்பு வேறு. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். அந்த அறையின் கதவைச் சாத்திப் பாருங்கள். கதவும் பிடித்தால் இன்ஜினியர் இல்லாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். வெடிப்பு பழையதா, இன்னும் நகர்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்புக்குக் குறுக்கே இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதி வைப்பார்கள். சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் வெடிப்புக்கு உயிர் இருக்கிறது.

நாலாவது வகைதான் எனக்கு அதிகக் கவலை தருவது. ரூஃபின் அடியிலோ பீமின் அடியிலோ கம்பி போகும் வழியாகவே நேர்க்கோட்டில் வெடிப்பு, பக்கத்தில் துருக்கறை. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைத் தள்ளுகிறது. கடலோர ஊர்களில் இது அதிகம். உப்புக்காற்று ஒரு காரணம். இன்னொரு காரணம், கிடைத்த உப்புத் தண்ணீரிலேயே கான்கிரீட் கலந்தது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 456. கடற்கரையை ஒட்டி வீடு வாங்குகிறவர்கள் "கட்டும்போது தண்ணி எங்க இருந்து எடுத்தீங்க?" என்று கேட்டே ஆக வேண்டும். சந்தேகம் இருந்தால் இன்ஜினியரிடம் சொல்லிச் சுத்தியல் சோதனையும் (உடைக்காமல், கருவியால் தட்டிக் கான்கிரீட்டின் கெட்டியை அளப்பது), பினாப்தலீன் என்ற திரவத்தை வைத்துச் செய்யும் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். கொஞ்சம் கொத்திவிட்டு அந்தத் திரவத்தைத் தெளித்தால், நல்ல கான்கிரீட் ரோஸ் நிறமாக மாறும். மாறாத இடத்தில் கம்பிக்கு இருந்த காவல் போய்விட்டது. ஒன்று நினைவிருக்கட்டும், உப்பு ஏறியிருக்கிறதா என்பதை இந்த நிறம் காட்டாது. அதற்குக் கான்கிரீட் தூளைத் தனியாக லேபில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

குளியலறைக்கு ஒரே சோதனைதான். தண்ணீர் போகும் வாயைத் துணியால் அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட்டுவிட்டு அடியிலும் வெளிச்சுவரிலும் போய்ப் பாருங்கள். "ஒரு நாள் விடமாட்டோம்" என்று விற்பவர் சொன்னால், அந்தப் பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கரண்டுக்கு, வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெயினை மட்டும் போட்டு வையுங்கள். இ.பி. மீட்டரில் சிவப்பு விளக்கு அப்போதும் விட்டு விட்டு எரிந்தால் எங்கோ கரண்ட் ஒழுகுகிறது. ஷாக் அடித்தால் காப்பாற்றும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அமுக்குங்கள். உடனே விழ வேண்டும். ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும். எர்த் குழி எங்கே என்று கேளுங்கள். காட்டத் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

போர்த் தண்ணீரை நாக்கை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். குழாய் வாயில் வெள்ளைக் காரை கட்டியிருப்பதே பாதி பதில். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தரம். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். செப்டிக் டேங்கிலிருந்து கிணறும் போரும் எவ்வளவு தூரம்? 60 அடியாவது வேண்டும். டேங்க் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தால் அதற்கென்று உள்ள ஆளையும் வண்டியையும் வைத்து மேலிருந்தே பார்க்கச் சொல்லுங்கள். யாரும் உள்ளே இறங்கக் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. அந்த வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

பழைய வீடும் புது வீடும்

திண்ணை, தார்சா, பட்டாசல், அங்கணம் (தண்ணீர் புழங்கிக் கழுவிவிடும் இடம்) என்று இருக்கும் பழைய காரை வீடுகளை ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். எனக்கும் அவை பிடிக்கும். சுண்ணாம்புச் சுவர், மர உத்திரம், மேலே செங்கல் அடுக்கிய மெட்ராஸ் ஒட்டு. இந்த வீடுகளில் உயிர் இருப்பது உத்திரம் சுவருக்குள் போகும் முனையில். அங்கேதான் ஈரமும் கரையானும் சேர்ந்து வேலை செய்யும். ஒரு ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு உத்திரத்தின் முனையையும் உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உளி வெண்ணெயில் போவது போலப் போனால் அந்த உத்திரம் போயிற்று. இந்த மாடியில் தண்ணீர் கட்டிச் சோதிக்கவே கூடாது. 5 சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ கனம். பலவீனமான உத்திரத்துக்கு அது போதும். இன்னொரு எச்சரிக்கை: சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசி "புதுப்பித்த" வீடு என்றால் ஒரு அடி பின்னால் வையுங்கள். சுண்ணாம்பு மூச்சுவிடும் சுவர். சிமெண்ட் அதை அடைத்து, ஈரத்தை உள்ளேயே தங்கவிடும்.

பில்டரிடம் புது வீடோ அடுக்குமாடி வீடோ வாங்கினால், சாவி வாங்கும் நாளில் ஒரு பார்வை உண்டு. ஒவ்வொரு கதவையும் திறந்து மூடி, ஒவ்வொரு குழாயையும் திறந்து, குளியலறையில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, ஹாலில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டு, குறைகளை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பொறுப்பேற்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேலோ, 8 வீடுகளுக்கு மேலோ உள்ள திட்டம் ரெராவில், அதாவது வீட்டுமனைத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில், பதிவாகியிருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் சொன்னால், பில்டர் 30 நாளில் செலவில்லாமல் சரி செய்து தர வேண்டும். நான்கு வருஷம் பத்து மாதம் ஆகும்போது ஒரு தடவை இன்ஜினியரைக் கூட்டி வந்து பார்ப்பது நல்லது.

சொந்த மனையில் கொத்தனாரிடம் காண்டிராக்ட் விட்டுக் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் கடைசித் தவணையில் ஒரு பகுதியை, ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையான கொத்தனார் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

விற்கிறவர்

விற்கிறவர் தன் வீட்டைத் தானே முன்கூட்டிச் சோதிப்பது நம்ம ஊரில் வழக்கமே இல்லை. ஆனால் லாபம் அதில்தான். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. வெள்ளம் ஏறியது, செப்டிக் டேங்க் நிறைந்து பின்வாங்குவது, பக்கத்து வீட்டுக்காரரோடு சுவரைப் பற்றிய தகராறு, எல்லாம் இதில் வரலாம். முதலில் நீங்களே பார்த்து, சின்னவற்றைச் சரிசெய்து, பெரியவற்றை விலையில் குறைத்து, எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கசிவைச் சரிசெய்யாமல் பெயிண்ட் மட்டும் அடிப்பதில் போகும் பணம் வீண். பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்குப் புதுப் பெயிண்டே முதல் சந்தேகம்.

இ.பி. பாக்கி, வீட்டு வரி, தண்ணீர் வரி ரசீது, பிளான் அனுமதி நகல் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும்.

சொந்த வீட்டில் இருப்பவர்

சொந்தக்காரருக்கு நாள்காட்டிதான் ஆய்வாளர். புரட்டாசி கடைசிக்குள் தட்டட்டியைப் பெருக்கி, குழாய் வாய்களில் அடைத்திருக்கும் வேப்பிலையையும் தூசியையும் எடுத்துவிட வேண்டும். தென்காசி, செங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் சாரலும் உண்டு என்பதால் வைகாசியிலேயே ஒரு தடவை. வள்ளியூர், பணகுடி பக்கம் கணவாய்க் காற்று வீசும் ஊர்களில் ஆடிக்கு முன்னால் ஷீட், ஓடு, மாடித் தண்ணீர்த் தொட்டி, சோலார் தகடு இவற்றின் ஆணியையும் போல்ட்டையும் முறுக்கிப் பாருங்கள். அந்தக் காற்று காற்றாலையைச் சுற்றுவதோடு நிற்காது. தை பிறந்ததும், மழையில் வந்த ஈரத் தடங்களைப் பென்சிலால் சுற்றி வரைந்து தேதி எழுதி வையுங்கள். அடுத்த கார்த்திகையில் அந்த வட்டத்தைத் தாண்டியிருக்கிறதா என்று தெரியும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் எங்கள் கிராமங்களில் ஏராளம். பிள்ளைகள் சென்னை, மும்பை, துபாய். வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோவில் கொடைக்கு வரும்போதுதான் கதவு திறக்கும். வந்த மறுநாள் கொடை வேலையோடு ஒரு மணி நேரம் இதற்கும் ஒதுக்குங்கள். கரையான் மண் கோடு நிலையில் ஏறியிருக்கிறதா, தொட்டி மூடி இருக்கிறதா, அங்கணத்து வழியாக ஏதாவது உள்ளே வந்திருக்கிறதா, மீட்டர் ஓடியிருக்கிறதா.

மாடி எடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "பில்லர் கம்பியை மேல நீட்டி விட்டுருக்கேன் அண்ணாச்சி, எப்ப வேணும்னாலும் மாடி எடுத்துக்கிடலாம்" என்று நம்பிக்கையோடு சொல்கிறார்கள். நீட்டி நிற்கும் கம்பி மாடிக்கு அத்தாட்சி ஆகாது. அத்தாட்சி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. ஒரு பில்லரின் பக்கத்தில் குழி தோண்டி அடித்தளத்தின் நீள அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, கான்கிரீட்டைச் சுத்தியல் வைத்துச் சோதித்து, கட்டமைப்பு இன்ஜினியர் கணக்குப் போட்டுச் சரி என்ற பிறகுதான் செங்கல் வாங்க வேண்டும். பத்து வருஷம் மழையில் நின்ற அந்தக் கம்பிகளையும் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால், அதே துரு பில்லருக்குள்ளும் இறங்கிக்கொண்டிருக்கும். இப்போதைக்கு மாடி எடுக்கவில்லை என்றால் சிமெண்ட் பால் அடித்து, மெலிதான கான்கிரீட்டால் மூடி வையுங்கள்.

வாடகைக்கு வருகிறவர்

வாடகைக்காரருக்கு வீட்டின் ஆயுளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் அட்வான்ஸைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் கவலை வேண்டும். வேலை மாறுதலில் பாளையங்கோட்டைக்கோ, படிப்புக்காகப் பிள்ளைகளோடு பெருமாள்புரத்துக்கோ வருகிறவர்கள் அவசரத்தில் வீடு பிடிக்கிறார்கள். கையில் செல்போன் இருந்தால் கால் மணி நேரத்தில் ஆய்வு முடியும்.

சாவி வாங்கும் அன்றைக்கு, சாமான் இறக்குவதற்கு முன், வாசலில் தொடங்கிப் புறவாசல் வரை நிற்காமல் ஒரு வீடியோ எடுங்கள். சுவரில் இருக்கும் ஆணி ஓட்டை, உடைந்த டைல்ஸ், கறை, கிழிந்த கொசுவலை, எல்லாவற்றையும் வாயால் சொல்லிக்கொண்டே எடுங்கள். இ.பி. மீட்டர் எண் தெளிவாகத் தெரியட்டும். அதை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய தேதி அதிலேயே இருக்கும்.

வளவு வீடுகளில் தனியாகக் கேட்க வேண்டியவை உண்டு. ஒரே வாசலுக்குள் ஐந்தாறு வீடு. கழிவறை பொதுவா தனியா, மோட்டாருக்கு ஆகும் கரண்டை யார் யார் எப்படிப் பிரிக்கிறார்கள், மீட்டர் தனித்தனியா, இரவு வெளிக்கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள். வளவில் ஏற்கெனவே இருக்கும் ஒரு அக்காவிடம் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாகப் பேசி எழுதிக்கொள்ளாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்பதும் அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. கட்டமைப்பு ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர். குழாய் வாஷர், அடைத்துக்கொண்ட சாக்கடை, சுவிட்ச், பிளக், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர். வீட்டுக்காரர் இடையில் வந்து பார்க்கவும் உரிமை உண்டு, அதற்கு 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் "நாளைக்குக் காலையில வாரேன்" என்று ஒரு வரி போடுவது இரண்டு பேருக்கும் மரியாதை.

காலி செய்யும் நாளில், சாமான் ஏற்றி முடித்து வீட்டைக் கூட்டிய பிறகு, முதல் நாள் நடந்த அதே வழியில் அதே மாதிரி வீடியோ எடுங்கள். வீட்டுக்காரரையும் கூட நடக்கச் சொல்லுங்கள். மீட்டர் எண்ணை இருவரும் பார்த்துக் குறித்து, கழிக்க வேண்டியதைக் கழித்து, மீதி எவ்வளவு, எந்தத் தேதியில் தருவார் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அங்கேயே எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் சட்டம் கொடுக்கும் கெடு ஒரு மாதம். அந்தத் தாளைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகு சாவியைக் கையில் கொடுங்கள்.